வள்ளியம்மா வீட்டுச் சுவர்

“பூஞ்சணத்துக்கு மஞ்சத் தண்ணி தெளிச்சுக் கும்பிடுறீங்களே, அறிவு இருக்கா?”

நாராயணசாமி போட்ட சத்தத்தில் ஜீவனஹள்ளித் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

மனிதர் மில்லில் மேஸ்திரி. வெளியில் கறுப்புச் சட்டைக்காரர். சாமி என்று பேச்செடுத்தாலே சண்டைக்கு வருவார். அவர் பெயரிலேயே சாமி இருப்பதை யாராவது சொல்லிக் காட்டினால் இன்னும் கோபம் வரும்.

வள்ளியம்மா வீட்டு முன்சுவரில் கடுகு தெறித்த மாதிரி கரும்புள்ளிகள். கழுவினாலும் போகவில்லை. ‘மாரியாத்தா முத்துப் போட்டுட்டா’ என்று எதிர்வீட்டு எல்லம்மா சொன்னதுதான் தாமதம், நிலைப்படியில் வேப்பிலை ஏறிவிட்டது. அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் கால் வைக்கலாமா? எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள்.

“சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆச்சு. சுவத்துக்கு அம்மை போட்டிருக்குன்னா நாடு உருப்படுமா?”

சுவரோரம் மரச்சீவலும் சாணியும் குவிந்து கிடந்தன. அதன்மேல் முந்தின நாள் சாயங்காலம் விரித்து வைத்த வெள்ளைத் துணியை எடுத்து உதறிக் காட்டினார். அதிலும் அதே புள்ளிகள்!

“மழை ஈரத்துல இந்தக் குப்பையில பூஞ்சணம் பூத்திருக்கு. அதுதான் வெடிச்சு சுவத்துமேல துப்புது. இப்ப சொல்லுங்க, துணிக்கும் அம்மையா?”

மேஸ்திரிக்கு வெற்றிக் களிப்பு.

குப்பையை வாரிக் கொட்டினார். சலவைச் சோடாவைக் கரைத்து அடித்தார். கத்தி எடுத்துச் சுரண்டினார். ஒவ்வொரு புள்ளியும் உடும்புப் பிடி. பாதிச் சுவர் வெளுப்பதற்குள் சோடா பட்டுக் கை வெந்துவிட்டது.

வள்ளியம்மா ஓடி வந்தாள். “போதும்ணா. மீதியை அப்புறம் பாத்துக்கலாம்.”

“ஏன், ஆத்தா கண்ணைக் குத்திடுவாளா?”

“ஆத்தாவுக்கு யார் பயந்தா?” அவள் குரல் தாழ்ந்தது. “உள்ளே என் தங்கச்சி யசோதா இருக்கா. புருஷன் கையை உடைச்சு அனுப்பியிருக்கான். இழுத்துக்கிட்டுப் போக வந்தவன் வேப்பிலையைப் பாத்துத் திரும்பிட்டான். நாளைக்கு எங்கண்ணன் தங்கவயல்லேருந்து வர்ற வரைக்கும் எனக்கு வேற காவல் இல்லேண்ணா!”

கத்தி அப்படியே நின்றது.

சொல்லி வாய் மூடவில்லை, பச்சைமுத்து சைக்கிளில் வந்து இறங்கினான்.

“எங்கே என் பொண்டாட்டி? அம்மையாம் அம்மை! பூஞ்சணம்னு நேத்து மில்லுல நீங்கதானே சொன்னீங்க மேஸ்திரி?”

நாராயணசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. தன் வாய்தான் இவனைக் கூட்டி வந்திருக்கிறது! படியில் குறுக்கே நின்றுகொண்டார்.

“சொன்னேன்தான். சொல்லிட்டு, புள்ளியைச் சுரண்டினேன். பாரு!”

வெந்து சிவந்த கையை அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினார்.

“பாதிச் சுவத்துக்கே இந்தக் கதி. ஆத்தா உள்ளேதான் இருக்கா. தைரியம் இருந்தா போ.”

பச்சைமுத்து கையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், கறுப்புச் சட்டையையும் பார்த்தான். மேடை போட்டுச் சாமியே இல்லை என்கிற ஆள் அல்லவா சொல்கிறார்!

செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். சைக்கிளில் ஏறக்கூடப் பயந்து, தள்ளிக்கொண்டே போய்விட்டான்.

மறுநாள் அண்ணன் ராஜேந்திரன் வந்தான். யசோதா பத்திரமாக ரயிலேறினாள்.

அவள் போய்ச் சேர்ந்த சேதி வந்ததும் தெருவுக்கே திருவிழா. மேஸ்திரியும் பெண்களும் சேர்ந்து மீதிப் புள்ளிகளையும் சுரண்டி, சுண்ணாம்பு அடித்தார்கள். சுவர் பளிச்சென்று நின்றது. ஆனால் உபதேசம் பண்ணாமல் அவரால் இருக்க முடியுமா?

“எல்லம்மா, ஒரு பொண்ணுக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். இனிமேலாவது இதை அம்மைன்னு நம்பாதீங்க!”

எல்லம்மா சிரித்துவிட்டாள்.

“நாங்க எங்கேண்ணா நம்பினோம்? பூஞ்சணம்னு தெருவுக்கே தெரியும். யசோதா உள்ளே இருக்கிறதை உங்ககிட்ட மட்டும்தான் சொல்லலே... யாருக்காகவும் நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு நம்பிட்டோம்!”