பாதியில் நிற்கும் முள்

ஒரு காலத்தில் ஊரே திரும்பிப் பார்த்த பெரிய கார் அது. இப்போது கிழடு. அதன் டேங்குக்குள் பெட்ரோலில் முங்கிக் கிடந்து, எஞ்சினுக்கு இறைத்துக் கொடுப்பது பம்பின் வேலை. மேலே பெட்ரோல் மூடியிருக்கும்வரை உடம்பு குளிர்ந்திருக்கும். வற்றினால் கருகிவிடும்.

அன்று பெட்ரோல் கழுத்துக்குக் கீழே இறங்கியது. பம்பு பதறிப்போய், டேஷ்போர்டில் அளவு காட்டும் முள்ளுக்கு ஒயர் வழியே குரல் கொடுத்தது.

"முள்ளண்ணே, எங்கே நிக்கிறீங்க?"

"பாதியில."

"பாதியா! இங்கே இடுப்புக்கு மேல காஞ்சுபோச்சு. கொஞ்சம் இறங்கிக் காட்டுங்கண்ணே, முதலாளி பெட்ரோல் போடுவாரு."

"போன வாரம் இறங்கித்தான் காட்டினேன். மனுஷன் என் மேல இருக்கிற கண்ணாடியில ஓங்கித் தட்டினாரு. பயத்துல பாதிக்கு ஏறினேன். 'இப்பத்தான் சரி'ன்னு சிரிச்சாரு. இனி இறங்க மாட்டேன்ப்பா."

"நான் செத்துருவேன்ணே!"

"கத்தாதே, அவருக்குக் கேக்கும்."

கேட்டது. பின்னால் ஏதோ முனகுகிறதே என்று முதலாளி பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

மேம்பாலத்து உச்சியில் கார் நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து டேங்கைத் திறந்தார்.

"பம்பு கருகிடுச்சு சார். டேங்குல பெட்ரோலே..."

"முள்ளு பாதி காட்டுது, கண்ணு தெரியலையா? பம்புதான் தண்டம். மாத்துய்யா."

மெக்கானிக் புதுப் பம்பை மாட்டினார். தன் கேனிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஊற்றிவிட்டுப் போனார். கார் கிளம்பியது. புதுப் பம்புக்குக் கால் மட்டும் நனைந்திருந்தது. தலை சுட்டது.

"அண்ணே, எவ்வளவு இருக்கு?"

"பாதி," என்றது முள். "பேசாம வேலையைப் பாரு."