மரவட்டைக்கு வைத்த பெயர்

கல்வராயன் மலையில் என் மகன் பகலவன் பிடித்த மரவட்டைக்கு அதுவரை யாரும் பெயர் வைத்ததில்லை. விலங்கியல் படித்தவன், என் பெயரையே வைக்கப்போவதாகச் சொன்னான்.

“சுப்புராயன்றது எனக்கு வெச்ச எங்க தாத்தா பேரு. அதைப் போயி பூச்சிக்கு வெப்பியாடா?”

“அது மரியாதைப்பா.”

“இந்த மரியாதை எனக்கு வாணாம். வூட்டை வுட்டுப் போ.”

இடஒதுக்கீட்டு மறியலில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப்போட்டிருந்த வாரம் அது. பஸ் இல்லாமல் கள்ளக்குறிச்சிக்கு நடந்து போனவன் திரும்பவில்லை.

செத்த மரவட்டை ஸ்பிரிட் புட்டியில் கிடந்தது. உடம்பில் நாற்பத்தொரு வளையங்கள் என்று அவன் எழுதி வைத்திருந்தான். மறு வருடம் நான் எண்ணியபோது நாற்பத்திரண்டு இருந்தன. அதற்கடுத்த வருடம் நாற்பத்து மூன்று.

“எங்கியோ உசுரோட இருக்கிறான்” என்பாள் என் மனைவி ரங்கம்மாள். அவன் படத்துக்கு மாலை போட யாரையும் விடவில்லை.

ஐம்பதாவது வளையம் வந்த வருடம் என் வீம்பு போனது. சீட்டில் என் பெயரை எழுதி, புட்டியில் நானே ஒட்டினேன்.

மறு வருடம் எண்ணினேன்.

“எத்தினிங்க?”

“அம்பது.”

“மறுக்கா எண்ணுங்க.”

எண்ணினேன். “அம்பதுதான்.”

ரங்கம்மாள் தோட்டத்துக்குப் போய்ப் பூப்பறித்து வந்து, மாலை கட்ட உட்கார்ந்தாள்.