சொந்த வாக்கியம்

"ஐயா ஒரு சொல் பிசகாம முழுப் பிரார்த்தனையும் சொல்லி முடிச்சிருக்காரு. நீங்க பாட்டுக்குப் பெருக்கல் குறி போடறீங்களே, இது அடுக்குமா?" என்றார் பிரார்த்தனை மன்றத்துச் செயலாளர்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எதிரே நாற்காலியில் மன்றத் தலைவர். பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகிறது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. அப்படிப்பட்டவர் இன்று கணீரென்று பிரார்த்தனை சொன்னதும் செயலாளருக்கும் கூட வந்த இருவருக்கும் மெய் சிலிர்த்துவிட்டது. சாயங்காலம் மன்றத்தில் போட்டுக் காட்ட, செயலாளர் செல்போனில் படம் வேறு பிடித்துக்கொண்டிருந்தார்.

"இது பேச்சு இல்ல சார், மனப்பாடம்" என்றார் பயிற்சியாளர். "வருஷக்கணக்கா சொன்னது தன்னால வந்துடும். இந்த நோய்ல அப்படித்தான். அவரா யோசிச்சு ஒரு வாக்கியம் சொல்லணும். இன்னைக்குத்தான் கடைசிப் பரீட்சை. வரலைன்னா ஆஸ்பத்திரியில பயிற்சியை நிறுத்திடுவாங்க. இந்த இடம் அடுத்தவருக்குப் போயிடும்."

பிரார்த்தனையைப் போய் மனப்பாடம் என்கிறாளே என்று மூவரும் அதிர்ந்துபோனார்கள். தலைவரின் மனைவி மட்டும் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பயிற்சியாளர் சாவிப் படத்தைக் காட்டினார். "இது என்னங்கய்யா?"

"அவன் சித்தம்."

"இது?" என்று நாற்காலிப் படத்தைக் காட்டினார்.

"அவன் சித்தம்."

மன்றத்தில் அவருக்குப் பெயரே 'சித்தம் ஐயா'தான். மழை கொட்டினாலும் அவன் சித்தம், மைக் மக்கர் பண்ணினாலும் அவன் சித்தம். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரே மகள் காய்ச்சலில் போன அன்றும் கண் கலங்காமல் அதையேதான் சொன்னார். அன்று சாயங்காலமே பிரார்த்தனையும் நடத்தினார். அதைச் சொல்லிச் சொல்லி மன்றம் இன்னும் புல்லரித்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது பெருக்கல் குறியும் விழுந்தது.

மனைவி கைப்பையைத் திறந்து ஒரு போட்டோவை நீட்டினாள். "இதைக் காட்டிப் பாக்கறீங்களாம்மா? இத்தனை வருஷமா பீரோவுக்குள்ளயே கிடக்கு. மாட்டக் கூடாதுன்னு சொல்லிட்டாரு."

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எடுத்த படம். கழுத்தில் அடையாள அட்டையோடு மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது யாருங்கய்யா?"

"அவன்..." என்று ஆரம்பித்தவர் நின்றார். உதடு கோணியது. இடது கையால் படத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"என்... பொண்ணு."

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு முகத்தை மேலே தூக்கினார்.

"என் பொண்ண... ஏன்டா... எடுத்தே? உனக்கு... கண்ணு... இல்லையாடா?"

இடது கை மேஜையில் ஓங்கி இறங்கியது. சித்தம் ஐயா ஏங்கி ஏங்கி அழுதார்.

கூட வந்தவர்களில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். இன்னொருவர் வாசல் பக்கம் நகர்ந்துவிட்டார். செயலாளருக்கு முகமே வெளிறிப்போனது.

"ஐயாவா இப்படி? கடவுளைப் போய் வாடா போடான்னு... நம்பிக்கையே போயிடுச்சாம்மா இவருக்கு?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க கவலைப்படாதீங்க. இதை இப்பவே அழிச்சிடறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"அழிக்காதீங்க" என்றாள் மனைவி. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். "இதையே போட்டுக் காட்டுங்க. ஒன்பது வருஷமா என் பொண்ணுக்காக நான் ஒருத்திதான் அழுதுட்டிருந்தேன். இன்னைக்குத்தான் எனக்குத் துணைக்கு ஆள் கிடைச்சிருக்கு."

செயலாளர் எதையும் அழிக்காமல் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

பயிற்சியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தை நிரப்பினார். 'சொந்த வாக்கியம் பேசினாரா?' ஆம். பயிற்சி தொடரலாம். அடுத்த கேள்வியில் பேனா நின்றுவிட்டது.

"யாரிடம் பேசினார்னு கேட்டிருக்கு. இதுக்கு என்னம்மா எழுதறது?"

மனைவி கணவரின் வாயோரத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"கடவுள்கிட்டன்னு எழுதுங்கம்மா. முப்பது வருஷமா இவர் ஊருக்கெல்லாம் அவனைப் பத்திப் பேசினாரு. அவன்கிட்டயே பேசினது இன்னைக்குத்தான்."