இன்னொரு கரண்டி

அடுத்த கரண்டி உதட்டைத் தொட்டது.

பாலில் பிசைந்த பூவன்பழம். மேலே சர்க்கரை, கரையாமல்.

அவள் விழுங்கினாள்.

தாலி கட்டியாகிவிட்டது. பால் பழம் கொடுக்க மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருத்தியும் மும்மூன்று கரண்டி. மறுக்கக் கூடாது. மறுத்தால் அபசகுனம்.

"வாயை நல்லாத் தொற. கேமராவைப் பாரு," என்றாள் ஊட்டியவள்.

நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டியது. தண்ணீர் கேட்டிருந்தாள். யாரோ தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

இடுப்பில் ஒட்டியாணம் இறுகியது. அது இருக்கும் இடத்தில் விடியும்வரை பம்ப் இருந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. பள்ளிக்கூட நாட்களிலிருந்து அவள் உடம்புக்குள் சொட்டுச் சொட்டாக இன்சுலினை இறக்கிக்கொண்டிருந்தது.

அலங்கார அறையில் அம்மாதான் அதன் குழாயைக் கழற்றினாள்.

"பொடச்சுக்கிட்டு நிக்குது சாமி. அவங்க போட்ட ஒட்டியாணம் எடுப்பா உக்கார வேண்டாமா? முகூர்த்தம் முடிஞ்சதும் மாட்டிக்கலாம்."

முன்பு வந்த வரன்கள், இது தெரிந்ததும் வந்த வழியே போயிருந்தன. இந்த முறை அம்மா யாரிடமும் சொல்லவில்லை.

முகூர்த்தம் முடிந்தது. பிறகு மெட்டி. பிறகு போட்டோ. பிறகு இது.

பம்ப் அம்மாவின் கைப்பையில். ஊசியும் அதில்தான். அம்மா மணமேடை ஓரத்தில் பையை அக்குளில் இடுக்கி நின்றாள்.

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினாள். பொறு.

குத்துவிளக்கின் சுடர் மங்கி இரண்டாகத் தெரிந்தது. வயிற்றிலிருந்து ஏதோ மேலேறி வந்தது. அதையும் விழுங்கினாள்.

அடுத்து மாப்பிள்ளையின் அத்தை. கரண்டி வழிய வழிய அள்ளினாள்.

அவள் முகம் தானாகத் திரும்பிக்கொண்டது.

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"ஏங் கண்ணு, இனிப்பு ஆகாதா? இந்த வயசுலயே சக்கரை கிக்கரை இருக்குதா என்ன?"

பெண்கள் சிரித்தார்கள். கேமராக்காரர்கூடச் சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. மருமகளின் முகத்தையே பார்த்தாள்.

சிரிப்பு அடங்கியது. யாராவது பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள்.

அவனுக்குத் தெரியும். அந்த வீட்டில் அவனுக்கு மட்டும். நிச்சயத்துக்கு முன்பே, அம்மாவுக்குத் தெரியாமல், காபிக் கடையில் வைத்துச் சொல்லியிருந்தாள். பம்பை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தான். நின்றுபோனால் என்ன ஆகும் என்று கேட்டான். சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து என்று சொன்னாள். அதன்பின் வெகுநேரம் அவன் அவள் கையை விடவில்லை.

இப்போதும் கையைப் பிடித்தான்.

தன் அம்மாவைப் பார்த்தான். பிறகு அத்தையை.

"சக்கரையா? நல்லாக் கேட்டீங்க போங்க அத்தை. இனிப்புன்னா இவளுக்கு உசுரு. இன்னொரு கரண்டி சேத்தியே குடுங்க."

மறுபடி சிரிப்பு. இந்த முறை மாமியாரும் சிரித்தாள்.

மேடை ஓரத்தில் அம்மாவின் கண்கள் நிறைந்தன. பை நழுவாமல் இடுக்கிக்கொண்டு, மாப்பிள்ளையைப் பார்த்துக் கைகூப்பினாள்.