மோகனின் விரல்

"எம் புள்ளைக்கு இன்னாத்துக்கு ஊசி? கரு தங்காத வவுறு இவுளுது!"

என் மாமியார் சரோஜா போட்ட சத்தத்தில், செங்கல்பட்டு கிளினிக்கில் இருந்த எல்லோரும் என் வயிற்றைப் பார்த்தார்கள்.

டாக்டர் பிரதீபா அசரவில்லை. நர்ஸ் என் கணவர் மோகனின் விரலைப் பிடித்துக் குத்தினார்.

எனக்கு மூன்றாவது கருவும் கலைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வேறு பெண் பார்க்க வேண்டியதுதான் என்று அத்தை நேற்று என் காதுபடச் சொன்னார்.

முதல் கரு கலைந்தபோதே தோட்டத்துப் பப்பாளி மரத்தை வெட்டிச் சாய்த்தவர் அவர். அப்புறம் அன்னாசி, எள்ளுருண்டை, ஸ்கூட்டர், மாடிப்படி எதுவும் எனக்கு ஆகாது என்றானது. நாத்தனார் வளைகாப்பில் என்னைச் சமையற்கட்டை விட்டு வெளியே வரவிடவில்லை.

கல்பாக்கத்துக்கு வேன் ஓட்டும் மோகனுக்கு மட்டும் தினமும் பிரியாணி, கூடவே பெரிய பாட்டில் கூல்டிரிங்க்ஸ். தொப்பை தள்ளத் தள்ள, பிள்ளை பூசினாற்போல் இருக்கிறான் என்று அத்தைக்குப் பூரிப்பு.

மெஷினில் சர்க்கரை முந்நூற்றைத் தாண்டி நின்றது. எனக்கு எடுத்த டெஸ்ட் எல்லாவற்றிலும் ஒரு குறையும் இல்லை.

"இவரு கழுத்து கறுத்திருக்கறதைப் பாத்தா சர்க்கரை ரொம்ப வருஷமாவே இருக்கும் போல. புருஷனோட சர்க்கரை, எடைகூட கரு கலையறதுக்கு ஒரு காரணமா இருக்கலாம்மா" என்றார் டாக்டர்.

"மிஷினு ரிப்பேரா கீது" என்றார் அத்தை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் என்னைத் தின்ன விடாமல், நடக்க விடாமல், அழக்கூட விடாமல் வைத்திருந்தார்களே!

மோகன் வேன் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான். ஆமாம், எழுந்தான். இனி அவனை 'அவர்' என்று சொல்ல எனக்கு வராது.

வெளியே வந்ததும் வேன் கதவைத் திறந்துவிட்டான். நான் ஏறவில்லை. கடப்பாக்கம் போக எந்த பஸ் என்று எதிர்க் கடையில் கேட்டேன்.

"கடப்பாக்கத்துல யாருடி கீறாங்க ஒனுக்கு?" என்று கேட்கும்போதே அத்தையின் முகம் வெளுத்துப்போனது.

அங்கே தமிழ்ச்செல்வி இருக்கிறாள். மோகனின் முதல் மனைவி. இரண்டு கரு கலைந்ததும் மலடி என்று பட்டம் கட்டி, அவளை அத்துவிட்ட பிறகுதான் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள்.

அவள் இன்னும் தன் வயிற்றைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாளாம்.