சதக்கத்துல்லா பாயின் சீன வகுப்பு

ஹாங்காங் வியாபாரி மிஸ்டர் லாவ் கடைக்குள் காலெடுத்து வைத்ததும், கார்மேகம் காண்டனீஸில் காலை வணக்கம் சொன்னான்.

சுத்தமாகச் சொன்னான். மூன்று மாதத்துக்கு முன்பு அவன் கிடங்கில் டிரான்சிஸ்டர் பெட்டி சுமந்துகொண்டிருந்த முதுகுளத்தூர்க்காரன். மிஸ்டர் லாவ் திகைத்துப்போய்த் தொப்பியைக் கழற்றினார்.

கடிகார அலமாரிக்குப் பின்னால் நின்ற சதக்கத்துல்லாவுக்குப் பயமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, அதுதான் கொடுமை. கார்மேகம் நன்றாகப் பேசப் பேச, அவர் ஊருக்குப் போகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அரபு முதலாளி அர்பாபின் யோசனை ரொம்ப எளிமையானது. ஹாங்காங்கில் பதினாலு வருஷம் இருந்த காயல்பட்டினத்துக்காரர் ஒருவரை, வருஷத்துக்கு இரண்டு தடவை வரும் சீனரோடு பேசுவதற்காக மட்டும் வளைகுடாக் கடைத்தெருவான தேராவில் கடை முதலாளி ஒருவர் எதற்கு வைத்துக்கொண்டிருக்க வேண்டும்? மூன்று பேருக்குச் சொல்லிக்கொடு, அப்புறம் நீ கிளம்பு, கலாஸ், கதை முடிந்தது. இன்று மூவரும் சமாளித்துவிட்டால் விசா ரத்து. சதக்கத்துல்லாவின் பாஸ்போர்ட்டைக் காலையிலேயே இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார்.

மாட்டேன் என்றிருந்தால் விசா அன்றைக்கே ரத்தாகியிருக்கும். ஐம்பத்து நாலு வயதுக்காரருக்கு வேறு எந்தக் கஃபீல் விசா கொடுப்பான்? ஊரில் கல்யாணத்துக்கு இரண்டு குமர் நிற்க, வெறுங்கையோடு எப்படிப் போய் இறங்குவது?

ஆனாலும் சொல்லிக்கொடுத்ததில் குறை வைக்கவில்லை. யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

மத்தியானம் கடை அடைத்திருக்கும் மூன்று மணி நேரம்தான் வகுப்பு. மூன்று பேருக்கும் மூன்று பாஷை. கார்மேகத்துக்குத் தமிழ், டைப்பிஸ்ட் பத்மநாபனுக்கு மலையாளம், கவுண்டரில் நிற்கும் ஹைதராபாத் கௌஸ் முகம்மதுவுக்கு உருது. ஒருவன் அவரைப் பாய் என்பான், ஒருவன் இக்கா, ஒருவன் சாச்சா. சீனத்தில் ராகம் மாறினால் சொல்லே மாறிவிடும், அப்படி ஆறு ராகம் இருக்கிறது என்று அவர் சொன்னதும் மூவரும் ஒன்றுபோல விழித்தார்கள்.

பாய் யோசித்து, ‘கிளம்பு, சீக்கிரம்’ என்பதற்கு அரபிகள் சொல்லும் யல்லாவைப் பிடித்தார். மூவருக்கும் பொதுவாக வாய்த்த சொல் அது ஒன்றுதானே. அர்பாப் கோபத்தில் வெட்டிச் சொல்லும் யல்லா ஒரு ராகம். படகு நிரம்பியதும் அப்ராக்காரன் இழுத்துச் சொல்வது இன்னொன்று. டூட்டி முடிந்தவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது அடிவயிற்றில் போய் முடியும். இப்படி ஆறு யல்லா. இந்தச் சொல்லை அப்ரா யல்லாவில் சொல்லு, அதை அர்பாப் யல்லாவில் சொல்லு என்று விரட்டினார். பத்தே நாளில் ஆறையும் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த கடைக்காரர்கள் வந்து ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள்.

பத்மநாபன் மட்டும் ஒருநாள், நாம் இதையெல்லாம் சொன்னால் அந்த ஆள் திரும்ப என்ன சொல்வார் இக்கா என்று கேட்டான். முதலில் உன் வாய் திருந்தட்டும் என்றார் பாய். அவன் வாயைத் திருத்திக்கொள்ளப் போய்விட்டான்.

இப்போது அவன்தான் மிஸ்டர் லாவிடம் பிரயாணம் சௌகரியமாக இருந்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தான். கௌஸ் முகம்மது, போன தடவை வந்த ரேடியோக்கள் தேவலை என்றும் இந்தத் தடவை இருநூறு டஜன் வேண்டும் என்றும் ஒரு பிசிறில்லாமல் சொன்னான். அர்பாபின் முகம் மலர்ந்தது. பாஸ்போர்ட்டை இரண்டு விரலால் மேசை ஓரத்துக்கு நகர்த்தினார்.

மிஸ்டர் லாவ் உருகிப்போனார். இங்கிலீஷ் அவருக்கு எண்களோடு சரி. அரபுக் கரையில் சொந்த பாஷையைக் கேட்ட மனிதர் சும்மா இருப்பாரா? நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மூச்சுவிடாமல் பேசினார். ஏதோ கேட்டார். சிரித்தார். மறுபடியும் கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார்.

கார்மேகம் இன்னொரு முறை காலை வணக்கம் சொன்னான்.

கௌஸ் பத்மநாபனைப் பார்த்தான். பத்மநாபன் பாயைப் பார்த்தான். மூன்று மாதத்தில் அவர்கள் வணக்கம் சொல்லவும், நலம் விசாரிக்கவும், டஜன் டஜனாக ஆர்டர் கொடுக்கவும் கற்றிருந்தார்கள். எதிராளி திருப்பிச் சொல்லக்கூடியதில் ஒரு சொல்லைக்கூடப் பாய் அவர்கள் காதில் போட்டதில்லை.

ஹாங்காங்கில் அவர் இப்படி இல்லை. அங்கே சிந்தி முதலாளியின் மகனுக்குப் பேசவும், கேட்டுப் புரிந்துகொள்ளவும் சேர்த்தே கற்றுக்கொடுத்தார். கடை வாசலில் மீன்காரியோடு வம்பளக்கும் அளவுக்கு அந்த மகன் தேறினான். மறுவாரம் முதலாளி சதக்கத்துல்லாவைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்லி, கப்பல் டிக்கெட்டைக் கையில் கொடுத்தார்.

அர்பாப் அலமாரிப் பக்கம் திரும்பி, இந்த ஆள் என்ன சொல்கிறான் என்று தன் பஜார் ஹிந்தியில் அதட்டினார்.

சதக்கத்துல்லா முன்னால் வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் நிதானமாகத் துடைத்தார். மிஸ்டர் லாவ் சொன்னதில் கஷ்டமான சொல் ஒன்றுகூட இல்லை. உங்கள் ஆட்கள் மூவரும் இவ்வளவு அழகாகப் பேசுகிறார்களே, இனிமேல் நமக்கு நடுவில் மொழிபெயர்க்க ஓர் ஆள் எதற்கு என்றுதான் அவர் கேட்டிருந்தார்.

“கொஞ்சம் சிக்கலான விஷயம், அர்பாப்,” என்றார் சதக்கத்துல்லா. “ஒரு நாளில் பேசி முடிக்கிற காரியமாகத் தெரியவில்லை.”