கண்ணாடித் தடுப்பு

தன் எலும்பு மஜ்ஜையைக் கொடுத்த நாளிலிருந்து அண்ணன் சிவதாணுவைக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றுதான் சொர்ணம்மாள் பார்த்துவந்தாள். கிட்டே போனால் கிருமி தொற்றிவிடுமாம். தூக்கி வளர்த்த அண்ணனாயிற்றே, தொட்டுப் பார்க்கக் கை பரபரத்தது.

அன்று ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த மலையாளி டாக்டரின் முகம் மலர்ந்தது.

"வெள்ளையணு நல்லா ஏறியிருக்கு. எல்லாம் தங்கச்சி மஜ்ஜையில பிறந்தது. இனி பேடிக்க வேண்டாம், பயமில்ல, கிழக்கேகோட்டை வீட்டுக்குப் போகலாம்."

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த அண்ணனைக் கைபிடித்து அழைத்துப்போக எதிரே ஓடினாள் சொர்ணம்மாள். சிவதாணு நின்றுவிட்டார்.

"கொஞ்சம் ஒதுங்கி நில்லுட்டி."

"இன்னும் கிருமிக்குப் பயமா அண்ணே? டாக்டரே சொல்லியாச்சுல்லா?"

"கிருமிக்கு இல்லட்டி. பொழச்சு வீட்டுக்கு எறங்குத நேரம். தாலி அறுத்தவ எதுக்க வரப்பிடாதுல்லா?"